மூன்று தட்டு

மார்த்தாண்டம் சந்தையில்
மே மாதத்தில் கம்பளித் தொப்பி கேட்டால்
கடைக்காரர் விசிறியை நிறுத்தாமலே கேட்கிறார்:
ஊட்டிக்கா?
இல்லை, போட்டுக்கு.

சிரிப்பை மடித்துத் தொப்பியோடு பையில் வைத்தார்.
காலுறை இரண்டு ஜோடி, நூல் கையுறை,
அதன்மேல் மாட்ட ரப்பர் கையுறை, ஒரு அளவு பெரிதாக.
இறுக்கிப் பிடித்தால் விரலுக்கு ரத்தம் போகாது.
எல்லாம் எழுதிய தாள்
வியர்வையில் ஊறி மை கலங்கியிருந்தது.

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
நள்ளிரவில் ஐஸ் அரைக்கிறார்கள்.
தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம்.
குழாய் வழியே வெள்ளை வெள்ளையாய்
போட்டின் வயிற்றுக்குள் விழுகிறது.
எங்கள் ஊரில் பனி பெய்து
ஒருத்தரும் பார்த்ததில்லை.
நாங்கள்தான் அதற்குள் இறங்கிக்
கேரை மீனுக்குப் படுக்கை விரிக்கிறோம்.

இறங்கும் முன் அரை மணி நேரம்
மூடி திறந்தே கிடக்க வேண்டும்.
அடியில் தேங்கிய மீன்தண்ணீர்
தன் மூச்சை வெளியே விடட்டும்.
முதலில் நாறும்.
பிறகு நாறாது.
நாறாதபோதுதான் பயப்பட வேண்டும்.

இடுப்பில் கயிறு.
மறுமுனை மேலே ஒருவன் கையில்,
ஆணியில் அல்ல.
ஆணி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

மேலே நிற்பவன் பலகையில் மூன்று தட்டு.
கீழே இருப்பவன் திருப்பி மூன்று.
இடைவெளிக்குக் கடிகாரம் கிடையாது,
அருள் நிறைந்த மரியே, பத்து முறை.
அவசரக்காரன் நின்றால் சீக்கிரம் தட்டுவான்.
நல்லதுதான்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி.
கரை எங்கோ கிழக்கே, செல்போன் வெறும் டார்ச்.
ததேயு கீழே, நான் மூடியருகே.
ஐந்து தடவை பதில் வந்தது.
ஆறாவது தடவை
இரண்டு.
மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்,
காத்திருந்தது தப்பு.

கூப்பிட்டேன்.
ஐஸ் மட்டும் நெறிந்தது.
என் ஒரு கால் அதற்குள் ஏணியில்.
அவனும் நானும் ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்,
கால் அதைத்தான் நினைத்தது.
பெலார்மின் பின்னாலிருந்து
பனியனைக் கொத்தாகப் பிடித்தான்.
குதிக்காதடே. ரெண்டு பேரை இழுக்க ஆளில்லை.
கயிறு. கயிற்றைப் பிடி.

அன்பு எவ்வளவு முட்டாள் என்று
அப்போது யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறேன்.
நான்கு பேர் இழுத்தோம்.
ததேயு வந்தான்,
கையில் ஒரு மீனை விடாமல் பிடித்தபடி.
உதடு வெளுத்திருந்தது.
பேச்சு குழறி வந்தது,
புதிதாக வந்த பையன் குடித்தவன் என்று நினைத்துச் சிரித்தான்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

நனைந்ததை உருவி எறிந்தோம்.
கையைத் தேய்க்கப் போனவனைத் தடுத்தோம்.
எஞ்சின் சூட்டுக்குத் தூக்க வேண்டாம்,
போர்வை போதும், எங்கள் உடம்புச் சூடு போதும்.
இருபுறமும் ஒட்டிக்கொண்டு படுத்தோம்.
பேச்சு தெளிந்த பிறகுதான்
சர்க்கரை தூக்கலாய்க் கட்டன் சாயா,
மடக்கு மடக்காக.
ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்:
எண்ணிக்கை தப்பிப்போச்சு.

மீனையா, தட்டையா, மரியேயையா,
கேட்கவில்லை.

மறுநாள் ராத்திரி என் முறை.
தொப்பியைக் காது மூட இழுத்து இறங்கினேன்.
கயிற்றை ததேயு கேட்டு வாங்கிக்கொண்டான்.
கீழே இருந்து கேட்டால்
அது தட்டுகிற சத்தமாகவே இல்லை,
இரண்டு தெரு தள்ளி யாரோ
தேங்காய் உடைப்பதுபோல் இருக்கிறது.
மூன்று வந்தது. மூன்று கொடுத்தேன்.
கொஞ்சம் விட்டு, சும்மா, இன்னொன்று.

மேலிருந்து ஒரு கெட்ட வார்த்தை
முழுசாக,
சூடாக
உள்ளே இறங்கி வந்தது.